கண்டம் ஆன ரயில் பெட்டியை வாங்கி வைத்துக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு: படிப்படியாக ஒரு வழிகாட்டி

பள்ளி வளாகத்தில் நூலகம், தோட்டத்தில் ஒரு காட்சிப்பொருள், ஊர் அருங்காட்சியகத்தின் முகப்பு என்று ஏதோ ஒரு எண்ணத்தில் பழைய ரயில் பெட்டி வாங்கலாமா என்று யோசிக்கிறீர்களா? இது உங்களுக்குத்தான். ஒரு பள்ளிக்காக நாங்கள் இந்த வேலையில் இறங்கியபோது, எந்த மேசையில் எதைக் கேட்பது என்று சொல்ல ஆளில்லாமல் திண்டாடினோம். அந்தத் திண்டாட்டம் உங்களுக்கு வேண்டாம்.

இங்கே நான் பேசுவது ஐ.சி.எஃப். பெட்டியைப் பற்றி. பெரம்பூரில் உள்ள இன்டெக்ரல் கோச் ஃபேக்டரியில் (ஐ.சி.எஃப்.) 1955 முதல் தயாரித்து, நாடு முழுக்க ஓடிய அதே இரும்புப் பெட்டிதான். 2018 ஜனவரியோடு அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. இப்போது புதிதாக வருவதெல்லாம் ஜெர்மன் வடிவமைப்பிலான எல்.ஹெச்.பி. வகை. ஐ.சி.எஃப். பெட்டியின் ஆயுள் 25 ஆண்டு என்பது ரயில்வே கணக்கு. அது முடிந்ததும் கழித்துவிடுவார்கள், அதாவது கண்டம் செய்துவிடுவார்கள். அப்புறம் பெரும்பாலான பெட்டிகளுக்கு கேஸ் கட்டிங்தான் கதி, அதாவது எரிவாயுச் சுடரால் துண்டு துண்டாக வெட்டிவிடுவார்கள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லோரும் ஏலத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் ஏலம் ஆறாவது படி. அதற்கு முந்தைய ஐந்தையும் முடிக்காமல் பெட்டியை எடுத்தால், கிரேனும் டிரெய்லரும் வாசலில் நிற்க, வாடகை மணிக்கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும்.

1. எந்தப் பெட்டி என்று முதலில் தீர்மானியுங்கள்

ஏ.சி. பெட்டியைத் தொடாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதன் ஜன்னல்கள் திறக்காது. ஏ.சி. ஓடாமல் நிறுத்தி வைத்தால் பகலில் உள்ளே வெந்து, மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். எடையும் அதிகம். சாதாரண இரண்டாம் வகுப்போ, ஸ்லீப்பரோ போதும். காற்றோட்டம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது.

நூலகம், காட்சிக்கூடம் மாதிரி உள்ளே திறந்த இடம் வேண்டுமென்றால் எஸ்.எல்.ஆர். பெட்டியைத் தேடுங்கள். பயணிகள் பகுதியோடு கார்டு அறையும் லக்கேஜ் அறையும் சேர்ந்த பெட்டி அது. லக்கேஜ் அறையில் இருக்கை கிடையாது, கதவும் அகலம். அலமாரி வைப்பதற்காகப் பழைய இருக்கைகளைப் பிடுங்கி எறிய வேண்டிய பாவம் உங்களுக்கு வராது.

ஒரு பொறி இருக்கிறது. வயதான பயணிகள் பெட்டிகளில் பலவற்றை ரயில்வே கார் ஏற்றும் என்.எம்.ஜி. பெட்டிகளாக மாற்றிவிடுகிறது. ஜன்னல்களைத் தகடு வைத்து மூடி, இருக்கைகளை எடுத்து, முனைச் சுவரில் கதவு வைத்திருப்பார்கள். ஏலப் பட்டியலில் அதுவும் கோச் என்றுதான் வரும். காப்பாற்றுவதற்கு அதில் பயணிகள் பெட்டி மிச்சம் இருக்காது.

பெட்டியின் வயதை அதன் எண்ணே சொல்லிவிடும். ஐந்து இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு. கடைசி மூன்று இலக்கம் வகை: 201 முதல் 400 வரை ஸ்லீப்பர், 401 முதல் 600 வரை பொது இரண்டாம் வகுப்பு, 701 முதல் 800 வரை எஸ்.எல்.ஆர். ஆக, 86432 என்று எழுதியிருந்தால் 1986-ஆம் ஆண்டின் பொது இரண்டாம் வகுப்புப் பெட்டி.

2. அதன் உடம்பு எடையை எப்படித் தாங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பொறியியல் பாடம் எதற்கு என்று கேட்காதீர்கள். பின்னால் வரும் எல்லா முடிவும் இதைப் பொறுத்ததுதான்.

பழைய மர உடல் பெட்டிகளில் அடியில் உள்ள இரும்புச் சட்டம்தான் முழு எடையையும் சுமக்கும். மேலே இருக்கும் மரக்கூடு ஒரு அறை மாதிரி அதன்மேல் உட்கார்ந்திருக்கும். ஐ.சி.எஃப். பெட்டி அப்படியில்லை. தளம், பக்கச் சுவர், கூரை மூன்றும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, முட்டை ஓடு போல மொத்தமாகச் சேர்ந்து எடையைத் தாங்குகின்றன. சுவர்த் தகட்டின் கனம் சுமார் 2 மில்லிமீட்டர்தான்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் வருகின்றன.

பக்கச் சுவரில் பெரிய வாசல் வெட்டாதீர்கள். "இரண்டு ஜன்னலைச் சேர்த்து ஒரு கண்ணாடிக் கதவு வைத்துவிடலாம்" என்று உள்அலங்காரம் செய்பவர் கட்டாயம் சொல்வார். வெட்டினால் பெட்டி நடுவில் தொய்யும். உள்ளே போக நான்கு மூலைகளிலும் கதவு இருக்கிறது, அது போதும்.

அடுத்து தளம். மேலே தெரிவது பலகையும் விரிப்பும்தான். அதற்குக் கீழே நெளிநெளியாக மடித்த டிரஃப் ஃப்ளோர் தகடு இருக்கிறது. அதுவும் சுமை தாங்கும் உறுப்பு. அது அரித்துப்போயிருந்தால் பெட்டியின் முதுகெலும்பே பழுது என்று அர்த்தம்.

மூன்றாவது, முட்டுக் கொடுக்கும் இடம். பெட்டிக்கு அடியில் இரண்டு போகிகள் (சக்கரங்களும் அச்சுகளும் பொருத்திய சட்டங்கள்; முழுப் பெட்டியையும் போகி என்பார்கள், இங்கே அது இல்லை), அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே சுமார் 14.8 மீட்டர். உடலின் எடை போகியில் இறங்குவது நடு ஊசி வழியாக இல்லை. அதன் இருபுறமும் 1.6 மீட்டர் இடைவெளியில் இருக்கும் சைடு பேரர்கள் என்னும் பக்கத் தாங்கிகள் வழியாக. சக்கரம் இல்லாமல் தூண்மேல் நிறுத்துவதாக இருந்தால், தூண் அந்த நான்கு இடங்களுக்கு நேர் கீழே வர வேண்டும். இரண்டு முனையிலும் செங்கல் கட்டி உட்காரவைப்பது, நடுவில் ஒரு சுவர் எழுப்புவது எல்லாம் கட்டட மேஸ்திரியின் வழக்கமான யோசனைகள். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

3. இடத்தைத் தயார் செய்யுங்கள்

அளவுகள்: உடல் நீளம் 21.3 மீட்டர், பஃபர் (பெட்டியின் இரு முனையிலும் இடி தாங்கும் உறுப்பு) முனையிலிருந்து முனைவரை சுமார் 22.3 மீட்டர், அகலம் 3.25 மீட்டர். எடை வகையைப் பொறுத்து 35 முதல் 40 டன். அதில் ஒவ்வொரு போகியும் ஏறக்குறைய 6 டன்.

ரயில்வே தண்டவாளம் 13 மீட்டர் நீளத் துண்டாக வரும். இரு பக்கமும் இரண்டிரண்டு துண்டு போட்டால் 26 மீட்டர் பாதை. பெட்டி நின்றபின் இரு முனையிலும் சுற்றி நடக்கக் கொஞ்சம் இடம் மிஞ்சும். பழைய தண்டவாளமும் ஸ்லீப்பர் கட்டையும்கூட ரயில்வே ஏலத்தில் வரும். அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். ஜல்லியை ஒப்புக்குத் தூவாமல் ஆழமாகவே போடுங்கள். அடியில் வடிகால் வையுங்கள். களிமண் தரையென்றால் சிவில் இன்ஜினியரிடம் மண் பரிசோதனை செய்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் உறுதிச்சான்று கேட்கும்போது அந்தக் காகிதம் உதவும்.

பெட்டியின் தளம் தண்டவாளத்திலிருந்து சுமார் 1.3 மீட்டர் உயரத்தில் இருக்கும். சக்கர நாற்காலி ஏற 12-க்கு 1 சரிவு என்றால் 15 மீட்டருக்கு மேல் சாய்தளம் வேண்டும். "தண்டவாளத்தைப் பள்ளத்தில் இறக்கிவிட்டால் சாய்தளம் குறையுமே" என்று யாராவது சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை வந்ததும் அந்தப் பள்ளம் குளமாகிவிடும், பெட்டியின் அடிப்பாகம் ஈரக்காற்றில் ஊறும். பாதையை மேட்டில் வையுங்கள், பக்கத்தில் நடைமேடையை உயர்த்துங்கள்.

இந்தக் கட்டத்தில் எடுத்து வைக்க வேண்டியவை: பட்டா, எஃப்.எம்.பி. என்னும் நில அளவை வரைபடம், பெட்டி நிற்கும் இடம் குறித்த தளவரைபடம், அறக்கட்டளை அல்லது பள்ளி நிர்வாகக் குழுவின் தீர்மானம். தீர்மானத்தில் ஏலத்தில் கலந்துகொள்ளவும் கையெழுத்திடவும் யாருக்கு அதிகாரம் என்று பெயரோடு இருக்க வேண்டும். அப்புறம், உள்ளாட்சி அமைப்புக்கு ஒரு கடிதம்: இப்படி ஒரு பெட்டியை நிறுத்தப்போகிறோம், என்ன அனுமதி வேண்டும் என்று. வாய்மொழியாக "அதெல்லாம் ஒன்றும் வேண்டாம் சார்" என்று சொன்னாலும் எழுத்தில் பதில் வாங்குங்கள். அன்று அப்படிச் சொன்னவர் நாளைக்கு மாற்றலாகிப் போய்விடுவார்.

4. வழியை அளந்துவிடுங்கள்

பெட்டி ரோட்டில்தான் வரப்போகிறது. சாதாரண லாரிக்கு அனுமதித்த அகலம் 2.6 மீட்டர். பெட்டி அதைத் தாண்டிவிடுவதால் இது அளவு மீறிய சுமை, ஓ.டி.சி. அதற்குத் தனி அனுமதி உண்டு. தேசிய நெடுஞ்சாலைக்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்திடம் இணையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மாநில நெடுஞ்சாலை, ஊராட்சி ரோடு எல்லாம் தனித்தனி வாசல்கள். அனுபவமுள்ள டிரெய்லர்காரர் இதைத் தானே பார்த்துக்கொள்வார். ஆனால் அனுமதி நகலை உங்கள் கைக்கு வாங்காமல் வண்டியைக் கிளப்பவிடாதீர்கள்.

போகியைக் கழற்றி வேறு வண்டியில் ஏற்றினாலும், லோ-பெட் டிரெய்லர்மேல் உடலின் உச்சி 4 மீட்டரைத் தாண்டிவிடும். ஆகவே வழியில் உள்ள ஒவ்வொரு பாலம், வளைவு, மின்கம்பி, ஊர் நுழைவாயில் எல்லாவற்றையும் டிரெய்லர்காரரோடு வண்டியில் போய் அளந்து பாருங்கள். கடைசி அரை கிலோமீட்டர்தான் பெரும்பாலும் தகராறு: தெருமுனைத் திருப்பம், தாழ்ந்து தொங்கும் கேபிள், பள்ளியின் கேட். மின்கம்பியைத் தூக்கவோ, சிறிது நேரம் மின்சாரத்தை நிறுத்தவோ மின்வாரியத்தில் முன்கூட்டியே கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும்.

மின்மயமான பாதையின் லெவல் கிராசிங் குறுக்கே வந்தால் அங்கே உயரத் தடுப்புக் கம்பம் நிற்கும். அதைத் தாண்ட முடியாவிட்டால் ரயில்வேயிடமே அனுமதி கேட்க வேண்டும். காலமெல்லாம் தண்டவாளத்தில் ஓடிய பெட்டி தண்டவாளத்தைக் கடக்க மனு போடுவதை நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம். முடிந்தால் மேம்பாலம் உள்ள வழியாகச் சுற்றிவிடுவது நல்லது.

5. நேரில் போய்த் தட்டிப் பாருங்கள்

ஏலத்துக்கு முன் லாட்டை, அதாவது ஏலத்தில் ஒன்றாக விற்கும் பொருளை, பார்வையிட அனுமதிப்பார்கள். வேலை நாளில், அடையாள அட்டையோடு போங்கள். ஒரு டார்ச், சின்னச் சுத்தியல், நீள ஸ்க்ரூடிரைவர், காந்தம், அளவு நாடா போதும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கிறதா என்று பார்க்கவே வேண்டாம். நேரே கழிப்பறைக்குக் கீழே போய்க் குனியுங்கள்.

ஐ.சி.எஃப். பெட்டி அரிக்கும் இடங்கள் ஊரறிந்த ரகசியம். கழிப்பறைக்கு அடியில் உள்ள டிரஃப் ஃப்ளோர், அதையொட்டிய சோல் பார் என்னும் பக்க நெடுஞ்சட்டம், கதவு வாசல்களின் அடி, ஜன்னல் சட்டத்தின் கீழ் மூலைகள். ஜன்னலில் அடிக்கும் மழை சட்டத்துக்குள் இறங்கி, பக்கச் சுவரின் உள்பக்கமாகவே வடிந்து, சுவர் அடியில் உள்நோக்கி வளையும் இடத்தில் தேங்கும். வெளியேற ஓட்டைகள் வைத்திருப்பார்கள். தூசியும் வேர்க்கடலைத் தோலும் சேர்ந்து அவற்றை அடைத்திருக்கும்.

சோல் பாரைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே நடங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். கழிப்பறையை நெருங்கும்போது சத்தம் மந்தமாகி, செதில் செதிலாகத் துரு கொட்ட ஆரம்பிக்கும். அங்கே ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்துங்கள். நுனி உள்ளே இறங்கினால் அந்தத் துண்டு போச்சு. அப்படி எத்தனை அடி நீளம் என்று சாக்பீஸால் குறித்து, நாடாவை வைத்து அளந்து, படம் எடுத்துக்கொள்ளுங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் உள்ளே புட்டி பூசியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்; ஸ்டெயின்லெஸ் தகடாகவும் இருக்கலாம், சுரண்டினால் தெரிந்துவிடும். கழிப்பறை மூலைகள் மட்டும் அரித்திருந்தால் பயப்படாதீர்கள், எல்லாப் பெட்டியும் அப்படித்தான். போகிக்கு மேலே வரும் குறுக்குச் சட்டத்தில் துரு ஓட்டை போட்டிருந்தால் அந்த லாட்டை விட்டுவிடுங்கள்.

பழைய பெட்டிகளின் உள்சுவருக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) பூச்சு இருக்கக்கூடும். சாம்பல் நிறத்தில், நாரும் பஞ்சுமாகத் தெரிந்தால் கை வைக்காதீர்கள், பலகையைப் பெயர்க்காதீர்கள். வாங்குவதென்றால் மாதிரியை ஆய்வகத்தில் பரிசோதித்து, அகற்றும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கல்நார்க் கழிவு அபாயக் கழிவு. மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் அங்கீகரித்த இடத்துக்குத்தான் போக வேண்டும். வெல்டரும் பெயின்டரும் வேலை தொடங்கும் முன்பே இது முடிந்திருக்க வேண்டும். உள்ளூர் ஆள் ஒருவர் கையுறை கூட இல்லாமல் "ஒரே நாளில் சுரண்டித் தள்ளிவிடுகிறேன்" என்பார். வேண்டவே வேண்டாம்.

6. காகிதங்களும் ஏலமும்

ரயில்வேயின் விற்பனை எல்லாம் ஐ.ஆர்.இ.பி.எஸ். இணையதளத்தின் மின் ஏலத்தில் நடக்கிறது. பதிவு செய்ய பான், ஜி.எஸ்.டி. விவரம், வங்கிக் கணக்கு, மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையொப்பம் தேவை. அந்தக் கையொப்பம் தீர்மானத்தில் பெயருள்ள அதே நபருடையதாக இருக்கட்டும். தலைமையாசிரியர் பெயரில் தீர்மானம், அலுவலக உதவியாளர் பெயரில் கையொப்பம் என்று இருந்தால் அப்புறம் பெட்டியை எடுக்கும்போது அங்கீகாரக் கடிதத்துக்கு அலைய வேண்டிவரும்.

கல்வி நிறுவனமோ அரசு அமைப்போ காட்சிக்காகக் கேட்டால் ரயில்வே நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்கும் வழியும் இருக்கிறது. மெதுவாக நகரும். நோக்கம், இடம், பராமரிப்பு யார் பொறுப்பு என்று மூன்றும் தெளிவாக இருக்கும் கடிதத்துக்குத்தான் மதிப்பு. இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் முயற்சி செய்வதில் தப்பில்லை.

லாட் விவரத்தை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். கவனிக்க வேண்டியவை இவை. போகியோடு தருகிறார்களா, இல்லாமலா? சக்கரமும் அச்சும் ரயில்வேக்கு மறுபடி பயன்படும் என்பதால் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். பேட்டரி, மின்விசிறி, ஜன்னல் எது எது விலக்கு? முழுப் பெட்டியாக எடுத்துப் போக அனுமதி உண்டா, அல்லது அங்கேயே வெட்டித்தான் எடுக்க வேண்டுமா? கடைசிக் கேள்விதான் முக்கியம். பல லாட்டுகள் பழைய இரும்பு வியாபாரிகளை மனதில் வைத்துப் போடப்பட்டவை. அவர்களுக்கு முழுப் பெட்டி வேண்டாம். உங்களுக்கு முழுசாகத்தான் வேண்டும். சந்தேகம் இருந்தால் ஏலத்துக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். "உள்ளது உள்ளபடி" என்பதுதான் விற்பனை விதி. எடுத்த பிறகு முறையிட வழியில்லை.

ஏலத் தொகைக்கு மேல் ஜி.எஸ்.டி.யும், விற்பவரே வசூலிக்கும் டி.சி.எஸ். வரியும் சேரும். மீதித் தொகை கட்டவும் பொருளை எடுக்கவும் காலக்கெடு உண்டு. எடுக்கும் கெடு தாண்டினால் தரை வாடகை ஓடும், ரொம்பத் தாண்டினால் கட்டிய பணமும் போகலாம். மூன்றாம், நான்காம் படிகளை முன்பே முடிக்கச் சொன்னது இதற்குத்தான்.

சரக்கை ரோட்டில் கொண்டுபோகத் தேவையான ஜி.எஸ்.டி. சீட்டான இ-வே பில்லில் ஒரு நுணுக்கம். சாதாரணச் சுமைக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. ஓ.டி.சி. என்று குறித்தால் 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள். 150 கிலோமீட்டர் தூரத்துக்குச் சாதாரணம் என்று போட்டுவிட்டால் ஒரே நாளில் காலாவதி. டிரெய்லரோ நெரிசல் இல்லாத நேரத்தில் மட்டும்தான் நகரும். ஓ.டி.சி. என்று போட்டால் எட்டு நாள் கிடைக்கும். பில்லை யார் போடுவது என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

7. தூக்குவதும் இறக்குவதும்

இரண்டு கிரேன், நடுவில் விரிசட்டம் (ஸ்லிங்குகளை விலக்கிப் பிடிக்கும் ஸ்ப்ரெடர் பீம்), சான்று உள்ள ஸ்லிங் (தூக்கும் பெல்ட் அல்லது கயிறு). பெல்ட்டை நேரடியாக உடலைச் சுற்றிப் போட்டு இழுத்தால் மேல் விளிம்பு நசுங்கும். போகிக்கு மேலே உள்ள குறுக்குச் சட்டத்தின் ஓரங்களில் தூக்குவதற்கான இடங்கள் இருக்கின்றன. ஸ்லிங் அங்கேதான். பஃபரிலோ கப்ளரிலோ மாட்டித் தூக்க விடாதீர்கள்.

கிளம்பும் முன் ஜன்னல்களை இறக்கிப் பூட்டி, கதவுகளைக் கம்பியால் கட்டி, உள்ளே தளர்ந்திருக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். போக்குவரத்துக் காப்பீடு, கேட் பாஸ், டெலிவரி ஆர்டர், எடைச் சீட்டு, ஓ.டி.சி. அனுமதி, இ-வே பில் எல்லாவற்றுக்கும் இரண்டு செட் நகல்: ஒன்று ஓட்டுநரிடம், ஒன்று உங்களிடம்.

இரவில் இறக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். 25 டன் உடல் தொங்கும்போது வெளிச்சம் வேண்டும். இறக்கியதும் சக்கரத்துக்கு இருபுறமும் இரும்புத் தடை வைத்துத் தண்டவாளத்தோடு போல்ட் போட்டு முடுக்குங்கள். எஸ்.எல்.ஆர். தவிர மற்றப் பெட்டிகளில் கைப் பிரேக் எதிர்பார்க்க வேண்டாம்.

8. முதலில் கூரை, அப்புறம்தான் மற்றது

பணம் கொஞ்சம்தான் மிச்சம் என்றால் அத்தனையையும் கூரையில் போடுங்கள். பெட்டியைவிட எல்லாப் பக்கமும் அகலமான, பெட்டிக் கூரைக்கும் அதற்கும் நடுவே ஒரு மீட்டருக்குக் குறையாமல் காற்று போகும் ஷெட். வெயிலும் மழையும் படாத பெட்டிக்குப் பெயின்ட் பல மடங்கு நாள் நிற்கும். தார்ப்பாயைப் போட்டு மூடி வைப்பது எதிர்மாறான வேலை. அடியில் வியர்த்து, மூடிய இடமெல்லாம் துரு பிடிக்கும்.

அப்புறம் தண்ணீர் வெளியேறும் ஓட்டைகளைத் திறவுங்கள். பைசா செலவில்லாத வேலை, இதைவிடப் பலன் தரும் வேலையும் இல்லை. கழிப்பறைக் கூரைமேல் உள்ள தொட்டியை நிரப்பவே வேண்டாம். கழிப்பறை தேவையென்றால் பக்கத்தில் தனியாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

துரு வேலையில் ஒரே விதி: அரித்த தகட்டை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, அதே அளவில் புதுத் தகட்டை விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவையுங்கள். மேலேயே ஒரு ஒட்டுத் தகடு வைத்தால் இரண்டுக்கும் நடுவே தண்ணீர் நின்று, அடுத்த மழைக்குள் ஒட்டும் சேர்ந்து அரிக்கும். வெல்டிங் நடக்கும் இடத்தில் உள்பலகை, விரிப்பு, இன்சுலேஷன் எல்லாம் அகற்றியிருக்க வேண்டும். சுவருக்கு மறுபக்கம் கையில் தீயணைப்பானோடு ஒரு ஆள் நிற்க வேண்டும். அடிப்பாகத்தில் துருமேலேயே தார் பூசிவிடுவது பரவலான பழக்கம். துருவை உள்ளே வைத்துப் பூட்டுவதுதான் அது.

9. பெயின்டைச் சுரண்டும் முன் படியுங்கள்

எனக்குப் பிடித்த கட்டம் இது, அவசரத்தில் எல்லோரும் பாழாக்குவதும் இதைத்தான். முனைச் சுவரில் கடைசியாகப் பெரிய பழுதுபார்ப்பு நடந்த பணிமனையின் குறியீடு, தேதி, அடுத்து திரும்ப வேண்டிய தேதி எல்லாம் ஸ்டென்சிலில் இருக்கும். பக்கச் சுவரில் எண், மண்டலம், இருக்கை எண்ணிக்கை. உள்ளே தொழிற்சாலைத் தகடு. எல்லாவற்றையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, எழுத்துகளை டிரேசிங் தாளில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு எண் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும், தண்ணீர் தொட்ட உப்புத்தாளால் மெதுவாகத் தேயுங்கள். மேலே நீலம் கரையும். 1990-களுக்கு முந்தைய பெட்டியானால் அதற்கடியில் செங்காவி தெரியும், சில நேரம் பழைய எழுத்தின் நிழலோடு. அதற்கும் கீழே பிரைமர், அப்புறம் பளிச்சென்று இரும்பு. வட்ட வட்டமாகத் தெரியும் அந்த அடுக்குகளைப் பார்த்தபின் எந்தக் காலத்து நிறத்துக்குத் திரும்புவது என்று முடிவெடுங்கள். அந்த ஒரு துண்டை மட்டும் பெயின்ட் அடிக்காமல் வார்னிஷ் பூசி விட்டுவைக்கலாம்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகக் கிரைண்டர் போடாதீர்கள், தீயால் வாட்டாதீர்கள், தூசியைக் கூட்டிச் சாக்கில் கட்டுங்கள். பள்ளி வளாகமென்றால் இந்த வேலை விடுமுறையில் மட்டும். மணல் வீச்சும் 2 மில்லிமீட்டர் தகட்டை நெளித்துவிடும்.

வெளிப்பரப்பு கூரையோடு சேர்த்துத் தோராயமாக 200 சதுர மீட்டர். லிட்டருக்கு 10 சதுர மீட்டர் என்று வைத்தால் ஒரு கோட்டுக்கு 20 லிட்டர். எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், மேல் பூச்சு இரண்டு கோட் என்று பெருக்கிக்கொள்ளுங்கள்.

10. மின்சாரம்

பெட்டியின் விளக்கும் மின்விசிறியும் 110 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுபவை. வீட்டு 230 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் புகைந்துவிடும். பழைய வயரிங்கைத் தொடாமல் விட்டு, புதிதாகத் தனிக் குழாயில் வயர் இழுங்கள். பழைய விசிறியை ஓட்ட ஆசை என்றால் தகுந்த மாற்றி வைத்து ஒன்றிரண்டை மட்டும் ஓட்டுங்கள். முழுப் பெட்டியும் இரும்பு என்பதால் உடலை இரண்டு இடத்தில் எர்த் செய்வதும், கசிவு மின்தடுப்பான் போடுவதும் கட்டாயம்.

11. செலவும் காலமும்

ஒரு தொகையைச் சொல்லப்போவதில்லை. இரும்பு விலையும் தூரமும் எல்லாவற்றையும் மாற்றிவிடும். ஆனால் எங்கே பணம் போகும் என்று சொல்ல முடியும். கிரேன் இரண்டு முனையிலும் தனித்தனியாக, கிரேனைக் கொண்டுவந்து திருப்பி அனுப்பும் வாடகை, உடலுக்கும் போகிக்கும் வெவ்வேறு வண்டி, காத்திருப்புக் கட்டணம், வழித்துணை வாகனம், மின்வாரியக் கட்டணம். இது ஒரு கொத்து. பாதை, வடிகால், ஷெட், நடைமேடை அடுத்த கொத்து. தகடு, வெல்டர் கூலி, பெயின்ட் மூன்றாவது. ஏலத் தொகை இவற்றில் ஒரு வரிதான். தகட்டு வேலைக்கு ஒப்பந்தக்காரர் சொல்லும் கணக்கை நம்பாமல், பலகையைப் பெயர்த்த பிறகு கூடும் என்று வைத்து ஒதுக்குங்கள். பலகையைப் பெயர்க்காமல் எவராலும் சரியாகச் சொல்ல முடியாது. கூலியை மொத்தமாகப் பேசாமல் தகட்டின் சதுர அடிக்குப் பேசுவது இருவருக்கும் நல்லது.

காலத்தை அக்டோபரிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மழைக்கு முன் பெட்டி ஷெட்டுக்கு அடியில் நிற்க வேண்டும். அப்படியென்றால் பெட்டி வருவது ஏப்ரல், மே வாக்கில் இருக்கட்டும். ஏலமும் வழி அளப்பதும் அதற்கு முந்தைய குளிர்காலத்தில். தகட்டு வேலை மழைக்காலத்தில் ஷெட்டுக்குள் நடக்கலாம். பெயின்ட் மட்டும் ஈரப்பதம் குறைந்த பிறகு, பொங்கல் தாண்டி. வெயில் ஏறிய பிறகு தொடங்கி, பனி இறங்கும் முன் நிறுத்துங்கள்.

தொடங்கும் முன் சென்னையில் ஐ.சி.எஃப். வளாகத்தை ஒட்டிய ரயில் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். திறந்தவெளியில் நிற்கும் பெட்டிகளில் எங்கே பெயின்ட் உரிகிறது, எங்கே நீர் வடிகிறது என்று மட்டும் பார்த்து வந்தால் போதும்.

12. நிறுத்திய பிறகு

ஒரு தடித்த நோட்டு வாங்கி ஏலச் சீட்டு, வரைபடம், படங்கள், மாற்றிய ஒவ்வொரு தகட்டின் இடம், பூசிய பெயின்டின் நிற எண் எல்லாவற்றையும் அதில் சேர்த்துவையுங்கள். செப்டம்பரில் ஒருமுறை வடிகால் ஓட்டைகள், கூரைத் தையல், ஜன்னல் ரப்பர். ஜனவரியில் ஒருமுறை சுத்தியலோடு சோல் பார் முழுக்க ஒரு நடை, கழிப்பறை மூலைகளில் கூடுதலாக. போகி இருந்தால் அதன் டேஷ்பாட்டில் (அதிர்வைத் தணிக்கும் எண்ணெய்க் குழல்) எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். இருக்கைகளுக்கு அடியில் எலி, கரையான். இந்தப் பொறுப்பைக் குழுவுக்குக் கொடுக்காமல் ஒரே ஒரு ஆளின் பெயரில் எழுதிவையுங்கள்.